முதல் பிக்கப்: எடைமேடையில் தொடங்கி ஷோரூம் வரை

ஷோரூமுக்குப் போகும் முன் எடைமேடைக்குப் போங்கள். புது பிக்கப் வாங்க நினைக்கும் யாரிடமும் நான் முதலில் சொல்வது இதைத்தான். இப்போது வாடகை வண்டியில் சரக்கு அனுப்பிக்கொண்டிருப்பீர்கள். அந்த வண்டியையே பத்து நடைக்கு எடைமேடையில் ஏற்றுங்கள். காலியாக ஒரு முறை, லோடு ஏற்றியபின் ஒரு முறை. சீட்டின் பின்பக்கத்தில் என்ன சரக்கு, எங்கிருந்து எங்கே, எத்தனை கிலோமீட்டர், திரும்பும்போது காலியா லோடா என்று எழுதி வையுங்கள். சில நூறு ரூபாய் செலவாகும். பல லட்சம் ரூபாய்க் கடனில் இறங்கப்போகிறவருக்கு இது பெரிய செலவு இல்லை.

நம் ஊரில் சரக்கை எண்ணிக்கையில்தான் சொல்வோம். இத்தனை பெட்டி தக்காளி, இத்தனை மூட்டை வெங்காயம், இத்தனை தார் வாழை. எடை என்று கேட்டால் ஒரு குத்துமதிப்பு வரும். அந்தக் குத்துமதிப்பு அநேகமாகக் குறைவாகவே இருக்கும். ஒட்டன்சத்திரம் சந்தைக்கு நான் தக்காளி ஏற்றிய காலத்தில் 'ஒரு டன் லோடு' என்றே பேசி வாடகை கொடுத்து வந்தேன். முதன்முறை எடை போட்டபோது 1,340 கிலோ காட்டியது. இயந்திரத்தில் கோளாறு என்று இன்னொரு எடைமேடைக்குப் போனேன். அங்கேயும் அதே எண். பிறகு உட்கார்ந்து கணக்குப் பார்த்தபோதுதான் புரிந்தது. காலி பிளாஸ்டிக் பெட்டியே ஒன்றரை கிலோ. 80 பெட்டிக்கு 120 கிலோ. பெட்டிக்கு மேலே குவித்த காய், தார்ப்பாய், கயிறு, வழியில் ஏற்றிக்கொண்ட பக்கத்துத் தோட்டத்துக்காரரின் நான்கு மூட்டை எல்லாம் சேர்ந்துதான் அந்த 340 கிலோ.

பத்துச் சீட்டையும் வரிசையாக அடுக்கிப் பாருங்கள். ஏழெட்டு நடை கிட்டத்தட்ட ஒரே எடையில் இருக்கும். ஒன்றிரண்டு மட்டும் மேலே துள்ளி நிற்கும்: ஒரே நாளில் காய் முழுக்கப் பழுத்த நாள், உரமூட்டை வந்த நாள். பலரும் அந்த ஒன்றிரண்டை மனதில் வைத்துத்தான் வண்டி வாங்குகிறார்கள். 'என்றைக்காவது தேவைப்படும்' என்று இரண்டு டன் வண்டி எடுத்துவிட்டு, மற்ற நாளெல்லாம் 800 கிலோவை ஏற்றிக்கொண்டு அதன் டீசலையும் டயரையும் டியூவையும் சுமக்கிறார்கள். அந்த ஒன்றிரண்டு நடைக்கு வாடகை வண்டி பிடியுங்கள். மீதி எட்டு நடைக்கு எது சரியோ அதுதான் உங்கள் வண்டி.

இதற்கு நேர் எதிரான தப்பும் உண்டு, நான் செய்தது அதைத்தான். என் முதல் வண்டி முக்கால் டன் வண்டி. விலை குறைவு, டியூ குறைவு என்று எடுத்தேன். அன்றாட லோடு ஒரு டன்னுக்கு மேல். முதல் ஆண்டிலேயே பின் டயர் இரண்டு முறை மாற்றினேன்; கிளட்ச் பிளேட் போனது; ஸ்பிரிங்கில் கூடுதலாக ஒரு பட்டை போட்டேன். பட்டை போட்டதும் வண்டி பின்பக்கம் தாழாமல் நிமிர்ந்து நின்றது. வண்டி தாங்குகிறது என்று நினைத்தேன். பட்டை கூடினால் தாழ்வது குறையும், அவ்வளவுதான். பிரேக் பழைய பிரேக்தான், ஆக்சில் பழைய ஆக்சில்தான், டயர் தாங்கும் எடையும் மாறவில்லை. பாச்சலூர் மலைப்பாதையில் இறங்கும்போது ஒரு வளைவில் பிரேக் மிதி ஆழத்துக்குப் போனது. இரண்டாம் கியரில் இருந்ததால் தப்பித்தேன். அந்த வாரமே வண்டியை விற்க முடிவுசெய்தேன்.

ஆர்.சி.யில் இருக்கும் இரண்டு எண்கள்

விளம்பரத்தில் 'ஒன்றரை டன் தாங்கும்' என்று போட்டிருக்கும். சாலையில் வண்டியை நிறுத்தும் அதிகாரி விளம்பரத்தைப் பார்க்க மாட்டார். ஆர்.சி.யில் காலி எடை என்று ஒன்றும், லோடோடு சேர்ந்த மொத்த எடை என்று ஒன்றும் இருக்கும். இரண்டாவதைத்தான் ஜி.வி.டபிள்யூ. என்கிறார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்குள் சரக்கு மட்டும் வருவதில்லை. கேபினில் உட்காரும் ஆளும், நீங்கள் பிறகு மாட்டும் ஒவ்வொரு இரும்பும் வரும்.

உதாரணத்துக்கு ஒரு வண்டியின் ஜி.வி.டபிள்யூ. 2,900 கிலோ, காலி எடை 1,600 கிலோ என்று வையுங்கள். காகிதத்தில் 1,300 கிலோ ஏற்றலாம். பக்கவாட்டை உயர்த்தி, தரையில் தகடு அடித்து, மேலே கம்பி வளைவு போட்டால் 150 கிலோ போய்விடும். டிரைவரும் கூட ஒருவரும் 140. தார்ப்பாய், கயிறு, ஜாக்கி, தண்ணீர் கேன், சாமான்கள் 40. மிச்சம் 970. 1.3 டன் வண்டி வாங்கியவர் உண்மையில் வைத்திருப்பது ஒரு டன்னுக்கும் குறைந்த வண்டி. உங்கள் பத்துச் சீட்டை இந்த 970-ஓடுதான் ஒப்பிட வேண்டும்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய். கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய் தனி. அதிகப்படி சரக்கை உங்கள் செலவில் இறக்கி வைக்கவும் சொல்லலாம். வெயிலில் ரோட்டோரம் இறக்கி வைத்த தக்காளியைச் சந்தையில் யாரும் வாங்க மாட்டார்கள்.

அதே சட்டத்தில் இன்னொரு கோடு இருக்கிறது, வண்டி தேர்வை அது பெரிதாக மாற்றும். ஜி.வி.டபிள்யூ. 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு பர்மிட் வேண்டியதில்லை. தாண்டினால் பர்மிட் எடுக்க வேண்டும்; பொள்ளாச்சி வழியாகப் பாலக்காட்டுக்கோ கம்பத்திலிருந்து குமுளிக்கோ போவதானால் நேஷனல் பர்மிட்டும் அதற்கான ஆண்டுக் கட்டணமும் சேரும். ஒரே பெயரில் ஒரே முகத்தோடு இரண்டு மாடல் நிற்கும். ஒன்று கோட்டுக்குக் கீழே, ஒன்று மேலே. எது எது என்று விற்பனையாளரைச் சொல்லச் சொல்லுங்கள். எழுத்தில் வாங்குங்கள்.

லைசென்ஸ் பற்றி இன்றும் குழப்பம் இருக்கிறது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தெளிவாகச் சொல்லிவிட்டது: இலகுரக மோட்டார் வாகன லைசென்ஸ் வைத்திருப்பவர் 7,500 கிலோ வரையிலான சரக்கு வண்டியை ஓட்டலாம், தனி பேட்ஜ் வேண்டியதில்லை. இந்தப் பாடத்தில் பேசும் எல்லா வண்டியும் அதற்குள் அடங்கிவிடும்.

எந்த வகை

2005-ல் டாடா ஏஸ் வந்தபோது மூன்று சக்கர லோடு ஆட்டோவுக்கும் லாரிக்கும் நடுவே வேறு எதுவும் பெரிதாக இல்லை. இரண்டு சிலிண்டர், 702 சி.சி. டீசல் எஞ்சின். நம் மக்கள் அதற்குக் குட்டி யானை என்று பெயர் வைத்தார்கள். இன்று அந்த அளவில் யார் தயாரித்த வண்டியாக இருந்தாலும் குட்டி யானைதான். டவுனுக்குள் தண்ணீர் கேன், பர்னிச்சர், பேக்கரி சாமான், மளிகை என்று தெருத்தெருவாக நுழைய இதற்கு இணை கிடையாது. சந்தைக் கடையின் முன்னால் ஒரே ஒடிப்பில் திரும்பும். முக்கால் டன்னுக்கு மேல் அன்றாடம் போகுமானால் இதைப் பார்க்கவே வேண்டாம்.

நடுவகை ஒன்று முதல் ஒன்றரை டன் வரை. அசோக் லேலண்டு, நிசானோடு கூட்டாக ஓசூரில் தயாரித்து 2011-ல் கொண்டுவந்த தோஸ்த் இந்த இடத்தைப் பிடித்தது. டாடா இன்ட்ரா 2019-ல் வந்தது. காய்கறி, பால், பூ, கோழித்தீவனம் ஏற்றும் பெரும்பாலோருக்கு இந்த வகையே போதும். என்னிடம் கேட்டு வருகிறவர்களை இதிலிருந்துதான் நான் தொடங்கச் சொல்வேன்.

அதற்கு மேலே மஹிந்திரா பொலேரோ பிக்கப் வகை. முன்பக்கம் மூக்கு நீண்டது, எஞ்சின் காலுக்கு முன்னால் இருக்கும். மண் ரோடு, தோப்புப் பாதை, மலை என்று ஓடுகிறவர்கள் இதை விரும்புவதற்குக் காரணம் இருக்கிறது. தரைக்கும் வண்டிக்கும் இடைவெளி நன்றாக இருக்கும், லோடோடு குழியில் இறங்கினாலும் அடி தட்டாது. மூக்கு நீளமானதால் அதே அளவு லோடு பெட்டிக்கு வண்டி நீளம் கூடும். குறுகிய சந்தில் நுழைகிறவர் அதை யோசிக்க வேண்டும்.

இஸுஸு டி-மேக்ஸ், டொயோட்டா ஹைலக்ஸ் போல ஐந்து பேர் உட்காரும் இரட்டைக் கேபின் பிக்கப்புகளும் உண்டு. குடும்பத்தோடு பயணமும் கொஞ்சம் சாமானும் என்பவர்களுக்கு அது நல்ல வண்டி. சரக்கில் சம்பாதித்து டியூ கட்ட நினைப்பவருக்கு உதவாது.

பின்னால் இருக்கும் பெட்டி

வண்டி பார்க்கப் போனால் எல்லோரும் முன்னால்தான் ஏறி உட்காருகிறார்கள். நீங்கள் பின்னால் போங்கள். கையில் டேப் இருக்கட்டும். உள் நீளம், உள் அகலம், தரையிலிருந்து லோடு தளத்தின் உயரம், மூன்றையும் அளந்து எழுதுங்கள். உங்கள் பெட்டி ஒன்றின் நீள அகலம் ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டும். ஒரு வரிசைக்கு நான்கு பெட்டி போய் மீதி அரையடி வீணாகிறதா, அல்லது அதே விலையில் இன்னொரு வண்டியில் ஐந்து பெட்டி இறுக்கமாக உட்காருகிறதா? நடைக்குப் பத்துப் பெட்டி வித்தியாசம் இப்படித்தான் வரும்.

தளத்தின் உயரத்தை யாரும் அளப்பதில்லை. எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் சந்தையில் முப்பது ஆண்டு மூட்டை தூக்கிய ஒரு லோடுமேன். "அண்ணே, நீங்க வண்டி வாங்குறப்ப என் இடுப்பையும் நெனச்சுக்கோங்க" என்றார். தளம் இடுப்பு உயரத்தில் இருந்தால் முதுகை வளைக்காமல் மூட்டையைத் தள்ளிவிடலாம். மார்பு உயரம் என்றால் ஒவ்வொரு மூட்டையையும் தூக்கி எறிய வேண்டும். ஒரு நாளில் அறுபது மூட்டை. உயரமான வண்டி என்றால் ஏற்றுகூலி கூடுதலாகக் கேட்பார்கள், கேட்பது நியாயமும்கூட. ரோடு நன்றாக இருக்கும் ஊரில் தாழ்ந்த தளமுள்ள வண்டியையே எடுங்கள்.

எடை சரக்கு வேறு, அடைசரக்கு வேறு. சிமென்ட், உரம், அரிசி கொஞ்சம் இடத்தில் முழு எடையைத் தின்றுவிடும். பெட்டி பாதி காலியாக இருக்கும்போதே வண்டி நிறைந்துவிடும். வைக்கோல், வாழை இலை, பூக்கூடை, காலிப் பெட்டி இவற்றுக்கு இடம்தான் வேண்டும். இரண்டாவது வகைக்காரர் பெரிய எஞ்சினுக்குக் காசு கொடுக்காமல் நீளமான பெட்டிக்குக் கொடுக்க வேண்டும். இரும்புக் கம்பி ஏற்றுபவர் ஒன்றை மனதில் வையுங்கள். பெட்டிக்கு வெளியே கம்பி நீட்டிக்கொண்டு போக அனுமதி இல்லை. இரவில் பின்னால் பைக்கில் வருபவருக்கு அந்தக் கம்பி கண்ணுக்குத் தெரியாது. கம்பி வியாபாரம்தான் பிழைப்பு என்றால் அதற்கேற்ற நீளமான வண்டிக்குப் போங்கள், பிக்கப்பில் ஒப்பேற்ற வேண்டாம்.

கம்பெனி பெட்டியா, வெளியில் பாடி கட்டுவதா என்பது அடுத்த கேள்வி. கம்பெனி பெட்டி இலகுவாக இருக்கும், பதிவிலும் சிக்கல் இல்லை. பட்டறையில் கட்டினால் உங்கள் சரக்குக்கு ஏற்ப அமையும், எடை கூடும். நீள அகல உயரம் ஆர்.சி.யில் உள்ளதற்கு மாறினால் தகுதிச் சான்றான எஃப்.சி.யில் நிற்கும். புது வண்டிக்கு முதல் எட்டு ஆண்டுகள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதன் பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி. காட்ட வேண்டும். ஒவ்வொரு முறையும் அந்த ஓரடி நீட்சிக்காக அலையப் போகிறீர்களா? கட்டும் முன்பே பட்டறைக்காரரிடம் ஆர்.சி. அளவைக் கொடுத்துவிடுங்கள். பாடியின் பில்லைப் பத்திரப்படுத்துங்கள், இன்சூரன்ஸ் பற்றிப் பேசும்போது அது வேண்டும்.

லோடு ஏற்றி ஓட்டிப் பாருங்கள்

காலி வண்டியை பைபாஸில் இரண்டு கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்து ஒன்றும் தெரியாது. எல்லா வண்டியும் காலியாக இருக்கும்போது பறக்கும். டெமோ வண்டியில் உங்கள் லோடை ஏற்றித் தர முடியுமா என்று கேளுங்கள். மணல் மூட்டையாவது ஏற்றிக்கொள்ளுங்கள். மறுக்கும் டீலரும் உண்டு, ஒப்புக்கொள்பவரும் உண்டு. ஒப்புக்கொள்பவரிடம் பேச்சைத் தொடருங்கள்.

ஊரில் இருப்பதிலேயே செங்குத்தான மேட்டில் பாதியில் நிறுத்துங்கள். கை பிரேக்கைப் போட்டு, எடுத்து, முதல் கியரில் கிளப்புங்கள். உறுமாமல், கிளட்ச் கருகும் வாடை வராமல், பின்னால் உருளாமல் ஏறுகிறதா? குதிரைத்திறன் எண்ணைவிட எனக்கு இந்தச் சோதனையில்தான் நம்பிக்கை. லோடு வண்டிக்கு வேண்டியது குறைந்த சுழற்சியிலேயே கிடைக்கும் இழுவை. பட்டியலில் டார்க் எத்தனை என்று மட்டும் பார்க்காதீர்கள், எந்த ஆர்.பி.எம்.மில் கிடைக்கிறது என்று பாருங்கள். 1,500-க்குள் வந்தால் மேட்டில் கியரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. இறக்கத்தில் இரண்டாம் கியரில் விட்டு, பிரேக்கை மிதிக்காமல் எஞ்சின் எவ்வளவு பிடித்து நிறுத்துகிறது என்றும் பாருங்கள். மலைக்குப் போகிறவருக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் முக்கியம்.

2020 ஏப்ரல் முதல் விற்கும் வண்டியெல்லாம் பி.எஸ். 6. புகையைச் சுத்தம் செய்யும் கருவிகள் டீசல் வண்டியின் புகைக்குழாயோடு சேர்ந்து வருகின்றன. டெஃப் திரவம் ஊற்ற வேண்டிய மாடலா, புகை வடிகட்டி அடைத்துக்கொண்டால் எப்படிச் சுத்தமாகும் என்று கேளுங்கள். வடிகட்டியில் சேரும் கரி எரிந்து போக வண்டி கொஞ்ச நேரம் தொடர்ச்சியாகச் சூடாக ஓட வேண்டும். நாள் முழுக்க டவுனுக்குள் அரைக் கிலோமீட்டர் ஓடி நின்று, ஓடி நின்று போகும் வண்டியில் எச்சரிக்கை விளக்கு அடிக்கடி எரியும். அப்படிப்பட்ட ஓட்டத்துக்கு டீசலைவிட சி.என்.ஜி. அல்லது மின்சார வண்டி பொருந்தும். டாடா ஏஸின் மின்சார வடிவம் 2022-ல் அறிமுகமானது. சி.என்.ஜி. என்றால் உங்கள் வழித்தடத்தில் பம்ப் எங்கே, அதில் எவ்வளவு நேரம் வரிசை என்று நேரில் போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். சிலிண்டரின் எடையும் உங்கள் லோடில்தான் கழியும்.

சர்வீஸ் சென்டர் எவ்வளவு தூரம் என்பதையும் இங்கேயே சேர்த்துக்கொள்ளுங்கள். இப்போதைய வண்டிகளில் சென்சார் கோளாறை மரத்தடி மெக்கானிக் பார்க்க முடியாது. அறுபது கிலோமீட்டர் தள்ளி சர்வீஸ் என்றால், ஒவ்வொரு சர்வீஸுக்கும் ஒரு நாள் பிழைப்பு போகும்.

விலையும் பேரமும்

எக்ஸ் ஷோரூம் விலை, அதற்கு மேல் ரோடு டாக்ஸ், பதிவுக் கட்டணம், இன்சூரன்ஸ், ஃபாஸ்டேக். இவ்வளவுதான் கட்டாயம். கையாளும் கட்டணம், லாஜிஸ்டிக்ஸ், பாலிஷ், 'பேக்கேஜ்' என்று கொட்டேஷனில் வேறு எது இருந்தாலும் விரலை வைத்து, இது எதற்கு என்று கேளுங்கள். பக்கத்துப் பக்கத்து மாவட்டத்தில் மூன்று டீலரிடம் கொட்டேஷன் எழுத்தில் வாங்குங்கள். திண்டுக்கல்லில் சொல்லும் தள்ளுபடி மதுரையில் வேறாக இருக்கும். ஒன்றைக் காட்டி மற்றொன்றில் பேசலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சரக்கு வண்டிக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. வரிக்கு முன் எட்டு லட்சம் என்றால் இது மட்டுமே 80,000 ரூபாய் வித்தியாசம். தெரிந்தவர் பழைய விலையைச் சொன்னாலோ, யாராவது பழைய பட்டியலைக் காட்டினாலோ இதை நினைவில் வையுங்கள். ஜி.எஸ்.டி. பதிவு உள்ள வியாபாரி சரக்கு வண்டிக்குக் கட்டிய வரியை உள்ளீட்டு வரவாக எடுக்கலாம். சிமென்ட் கடைக்காரருக்கு இது பெரிய பணம். புதுக் காய்கறிக்கு வரியே இல்லை என்பதால் அதை மட்டும் விற்பவருக்கு இந்த வரவு கிடைக்காது. இரண்டும் கலந்து செய்பவர் வண்டி பில் யார் பெயரில், எந்தப் பதிவு எண்ணில் போட வேண்டும் என்று ஆடிட்டரிடம் கேட்டுவிட்டு ஷோரூமுக்குப் போங்கள். பில் போட்டபின் மாற்றுவது பெரும்பாடு.

இன்சூரன்ஸை டீலரிடமே எடுக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. சரக்கு வண்டிக்கான சாதாரண பாலிசியில் பலருக்குத் தெரியாத ஓர் ஓட்டை இருக்கிறது. மட்கார்டு, பானெட், பம்பர், ஹெட்லைட், டயர், பெயின்ட் இவற்றுக்கு, வண்டியே முழுச் சேதமானால் தவிர, இழப்பீடு கிடையாது. சந்தை நெரிசலில் அடிபடுவதே இவைதான். ஐ.எம்.டி. 23 என்ற பிரிவைச் சேர்த்துக் கூடுதல் பிரீமியம் கட்டினால் அவையும் பாதுகாப்பில் வரும். பெயரைச் சொல்லிக் கேளுங்கள். வெளியில் கட்டிய பாடியின் மதிப்பையும் பில்லோடு பாலிசியில் சேர்க்கச் சொல்லுங்கள். சேர்க்காவிட்டால் வண்டி கவிழ்ந்த அன்று அந்த லட்ச ரூபாய் பாடிக்கு ஒரு பைசா வராது.

இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். லோடு பெட்டியில் ஆள் ஏற்றாதீர்கள். குலதெய்வம் கோயிலுக்கு, காதுகுத்துக்கு, நாற்று நட என்று நாற்பது பேர் நின்றுகொண்டு போவதை வாரம் ஒருமுறை பார்க்கிறோம். கவிழ்ந்த செய்தியையும் படிக்கிறோம். சரக்கின் உரிமையாளரோ அவருடைய ஆளோ சரக்கோடு கேபினில் போகலாம். பெட்டியில் சும்மா ஏறி வந்தவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பில்லை என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. சொந்தக்காரர் கேட்டு மறுத்தால் வருத்தப்படுவார். வருத்தப்படட்டும்.

டியூ

கடனில் நான் கற்றுக்கொண்டதை ஒரு கணக்காகச் சொல்கிறேன். 8 லட்சம் கடன், 48 மாதம், '8 சதவீதம்தான் சார்' என்றார் ஒரு ஃபைனான்ஸ் ஏஜென்ட். ஆண்டுக்கு 64,000, நான்கு ஆண்டுக்கு 2,56,000 வட்டி. மொத்தம் 10,56,000, மாதம் 22,000. சரியாகத்தானே இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டேன். அது ஃபிளாட் வட்டி. மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வருகிறது, வட்டியோ கடைசி மாதம் வரை முழு எட்டு லட்சத்துக்கும் போட்டிருக்கிறார்கள். குறையும் அசலுக்கு வட்டி போடும் முறையில் இதே 22,000 டியூ 14 சதவீதத்துக்கும் மேல் வரும். எதிரே இருந்த வங்கி 11 சதவீதம் சொன்னபோது அதிகம் என்று எழுந்து வந்தவன் நான். எட்டைவிடப் பதினொன்று பெரிது என்று கணக்குப் போட்டேன், அங்கேதான் ஏமாந்தேன்.

ஆகவே சதவீதத்தைக் கேட்காதீர்கள். எல்லோரிடமும் ஒரே தொகை, ஒரே மாதக் கணக்கைச் சொல்லி, மொத்தம் எவ்வளவு திருப்பிக் கட்டுவேன் என்று கேளுங்கள். செயல்முறைக் கட்டணம், கட்டாயமாகச் சேர்க்கும் காப்பீடு, முன்கூட்டியே முடித்தால் அபராதம் எல்லாம் அந்தத் தாளில் இருக்க வேண்டும். காலித் தாளிலும் தொகை எழுதாத செக்கிலும் கையெழுத்து வேண்டாம். 'எல்லோரும் போடுவதுதான்' என்பார்கள். போடாதீர்கள்.

அந்த 22,000-ஐ வண்டி ஓடும் நாளால் வகுத்துப் பாருங்கள். மாதம் 22 நாள் லோடு கிடைக்கிறது என்றால் நாளுக்கு 1,000 ரூபாய். விடிந்து சாவி போடும்போதே ஆயிரம் ரூபாய் கடன். அதற்கு மேல் டீசல், டிரைவர் பேட்டா, டயர் தேய்மானம், டோல், இன்சூரன்ஸின் நாள் பங்கு. இப்போது வாடகை வண்டிக்குக் கொடுக்கும் தொகையை இதோடு வைத்துப் பாருங்கள். மாதம் 12 நடைதான் என்று உங்கள் சீட்டுகள் சொன்னால் வண்டி வாங்காமல் இருப்பதே லாபமாக இருக்கலாம். இந்தப் பாடத்தைப் படித்துவிட்டு அந்த முடிவுக்கு ஒருவர் வந்தாலும் எனக்குச் சந்தோஷம்தான்.

விளைச்சலை நம்பி வருமானம் வருகிறவர்கள், அறுவடை மாதத்தில் கூடுதலாகவும் மற்ற மாதத்தில் குறைவாகவும் கட்டும் ஏற்பாடு உண்டா என்று முதலிலேயே கேளுங்கள். கடன் முடிந்ததும் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் வாங்கி, ஆர்.சி.யில் இருக்கும் அடமானக் குறிப்பை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நீக்க வேண்டும். கடன் தீர்ந்த மகிழ்ச்சியில் இதை விட்டவர்கள் வண்டி விற்கும்போது மாட்டிக்கொள்கிறார்கள்.

டெலிவரி நாள்

நல்ல நாள் பார்க்காமல் வண்டி எடுக்க மாட்டோம். பார்க்கத்தான் வேண்டும். ஆனால் ஆயுத பூஜை, முகூர்த்த நாள் என்றால் ஷோரூமில் வரிசையாகப் பத்து வண்டி நிற்கும், யாருக்கும் நின்று காட்ட நேரம் இருக்காது. அதனால் முந்தின நாளே போய் வண்டியைப் பாருங்கள். மாலை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சை வைத்த பிறகு குறை சொல்ல வீட்டில் யாருக்கும் வாய் வராது.

சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் வண்டியிலேயே படித்து, விற்பனைச் சான்றான படிவம் 21-ஓடு ஒப்பிடுங்கள். தயாரித்த மாதமும் ஆண்டும் அந்தப் படிவத்திலேயே இருக்கும். ஜனவரியில் புது வண்டி என்று கொடுப்பது போன ஆண்டு வண்டியாக இருந்தால், அதற்குரிய தள்ளுபடி வேண்டும். விற்கும்போது ஒரு ஆண்டு குறைத்துத்தான் மதிப்பார்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: 2325 என்றால் 2025-ன் 23-வது வாரம். ஐந்து டயரையும் பாருங்கள், ஸ்டெப்னியில்தான் பழையது வரும். குனிந்து அடியில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா, கிலோமீட்டர் எவ்வளவு ஓடியிருக்கிறது, ஜாக்கியும் கைப்பிடியும் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒவ்வொன்றாகத் தாளில் எழுதி, டீலரின் ஆளிடம் கையெழுத்து வாங்குங்கள்.

பூஜை முடிந்து, பாடி கட்டி முடித்தபின், டேங்க் நிறைய டீசல் போட்டு, தார்ப்பாய் கயிறு சகிதம் வண்டியை எடைமேடையில் ஏற்றுங்கள். டிரைவர் உள்ளேயே இருக்கட்டும். வந்த எடையை ஆர்.சி.யின் மொத்த எடையிலிருந்து கழித்து, உங்கள் நிறைபெட்டி ஒன்றின் எடையால் வகுத்தால் ஓர் எண் வரும். அதை பெயின்டால் கேபின் கதவின் உள்பக்கம் எழுதி வையுங்கள். அடுத்த நாள் காலையில் லோடுமேன் "எத்தனை பெட்டிண்ணே?" என்று கேட்கும்போது கதவைத் திறந்து காட்டுங்கள்.